காணிக் கச்சேரியில் நான் சொன்னது

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, நம் ஊர் நினைவுமலரைத் தொகுக்கிறவர் என்னை வாசலிலேயே மறித்துக்கொண்டார். உங்களுக்கும் அவரைத் தெரியும். நம் குடியேற்றத்தில் நம்மோடு வளர்ந்தவர். இப்போது இங்கே பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார்.

"அக்கா, நீங்கள்தானே முதல் லொறியிலை வந்த ஆக்கள். காட்டை வெட்டிக் குடியேறின கதையை ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. மற்ற ஆக்கள் எல்லாரும் அனுப்பிப்போட்டினம்."

உங்கள் கட்டுரைகளைக் கைத்தொலைபேசியில் காட்டினார். ரொறன்ரோவிலிருந்து ஒன்று, பாரிசிலிருந்து இரண்டு, இங்கே பலெர்மோவிலிருந்து மூன்று. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கின. மனித வாடையே இல்லாத அடர்ந்த காடு; அதை வெட்டி நெல் விளையும் பூமியாக்கிய நம் பெற்றோர். நானும் இதையே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதுகள் கண்ணை விரித்துக்கொண்டு, அங்கே சிங்கம் இருந்ததா என்று இத்தாலியனில் கேட்கும். சிங்கம் இல்லை, யானையும் கரடியும் என்பேன்.

வாய்க்காலில் என்னோடு குளித்து வளர்ந்தவர்களே, அந்த முதல் வரி பொய். நாம் போனபோது அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லை என்று ஊரறியச் சொன்னவள் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தீவில் எங்களுக்கு இருந்தது ஓர் ஓலைவீடும் உவர்க்கிணறும்தான். அப்பா பிறருடைய வள்ளத்தில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர், கலப்பையைத் தொட்டறியாதவர். வன்னியில் பெரிய குளத்து வாய்க்காலை நீட்டிக் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள், காணியில்லாதவர்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுநிலமும் அரசாங்கம் கொடுக்கிறது என்று பூசையில் அறிவித்தார்கள். அம்மா அன்றைக்கே பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆனி மாத வெயிலில் லொறி எங்களை இறக்கிவிட்டது. வாய்க்கால் வெட்டியிருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கொண்டுவந்த தண்ணீர் வழியிலேயே முடிந்துவிட்டது. அம்மா வாந்தியெடுத்துக் களைத்துப்போய் ஒரு பாலை மரத்தடியில் சரிந்துவிட்டாள். தூரத்தில் மரங்களுக்கு மேலே ஒரு கோடு புகை தெரிந்தது. அப்பா வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே ஒரு சின்னக் குளம் இருந்தது. குளக்கட்டின் மேல் பெரிய மருத மரங்கள். கட்டுக்குக் கீழே மண்சுவர் வைத்த வீடு. கூரைப்புல் புகை பட்டுக் கறுத்திருந்தது. முற்றத்தில் நின்ற பெண், அப்பா வாயைத் திறக்கும் முன்பே குடத்தோடு வந்து என் கையில் தண்ணீரை வார்த்தாள்.

"பையக் குடி பிள்ளை. புரைக்கேறும்."

சேற்று வாசனையும் தாமரைக் கிழங்கு வாசனையும் கலந்த தண்ணீர். பிறந்ததிலிருந்து உவர்நீரே குடித்தவள் நான். "இதுக்குள்ளை சீனி போட்டதோ?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "இஞ்சை வந்து பார், பச்சைத் தண்ணிக்குச் சீனி போட்டதோ எண்டு கேக்கிற பிள்ளையை" என்றாள். வெளியே வந்த மகளுக்கும் என் வயதுதான்.

அன்றிலிருந்து அந்தப் பெண் எனக்குக் குளத்தடி மாமி. மகள் என் தோழி. மாமியின் புருசன் முந்திய வருடம் கரடி அடித்து இறந்துபோயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் அவரையும் அவருடைய தகப்பனையும் பாட்டனையும் புதைத்த இடத்தில் கல் வைத்திருந்தார்கள். மூன்று கல். தோழி அவற்றின் மேல் உட்கார விடமாட்டாள். அவர்களுக்கு ஆறு எருமைகளும், குரக்கனும் எள்ளும் போட்ட ஒரு சேனைக் காணியும் இருந்தன. காகிதம் என்று ஒன்றும் கிடையாது.

அந்த ஆனியும் ஆடியும் நான் எங்கள் கொட்டிலில் இருந்ததைவிட அங்கே இருந்த நேரம்தான் அதிகம். பாலைப்பழம் தின்று உதடு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாமல் நாங்கள் இருவரும் ஊமைகள் மாதிரிக் கையைக் காட்டிக்கொண்டு நிற்போம். மாமி நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து விடுவாள். எருமைத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருக்கும். சட்டியில் கடைசியாக ஒட்டியிருப்பதை வழித்து என் கையில் வைப்பாள்.

ஆவணியில் நம் ஆட்கள் வெட்டிப்போட்ட காட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். உங்களில் பலர் அந்த நெருப்பைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் பகலிலும் வெயில் சிவப்பாக இருந்தது. சாம்பல் சோற்றில் விழுந்தது. ஓடு வெந்த ஆமைகளைப் பொடியள் பொறுக்கி வந்தார்கள். மாமி தன் வீட்டுப் பக்கம் நெருப்பு வராமல் பச்சைக் குழை அடித்துக்கொண்டு தனியே நின்றதை ஒருவரும் எழுதவில்லை. நான் பார்த்தேன்.

நெருப்பு அடங்கிய கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா. உளறினாள், கடலில் வள்ளம் கவிழ்கிறது என்று கத்தினாள். மாமி ஐந்து நாள் காலையும் மாலையும் கசாயம் அவித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்து, மூக்கைப் பிடித்துப் பருக்கினாள். ஆறாம் நாள் அம்மா எழுந்து கஞ்சி கேட்டாள். அப்பா மாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கோயிலுக்கு வெளியே ஒரு மனிதருக்குக் கும்பிட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அதே மாதம் காணிக்குச் சீட்டு இழுத்தார்கள். அப்பாவுக்கு விழுந்தது வாய்க்கால் முடிவில் இருந்த கல்லுத்தரை. அலவாங்கு போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். அப்பா அதில் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு, அலவாங்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நில அளவைக்காரரின் படத்தில் குளத்தடி நிலத்துக்கும் ஒரு இலக்கம் போட்டிருந்தது. அதில் ஆள் குடியிருப்பதாகக் குறிப்பில்லை. அந்த வட்டாரத்துக் கிராம அதிகாரியான விதானையார் பதினொரு மைலுக்கு அப்பால் இருந்தவர், அந்தப் பக்கம் வந்ததேயில்லை. குடியேற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே மாமி அங்கே இருந்தாள் என்று நிரூபித்தால் நிலம் அவளுக்கு. அதற்குப் பிறகு வந்து குந்தியவள் என்றால் எழுப்பிவிட்டு, கல்லுத்தரை விழுந்த அப்பாவுக்குக் கொடுக்கலாம். இதை விசாரிக்கக் காணி அதிகாரி புரட்டாசியில் வருவதாகச் சேதி வந்தது. அதைத்தான் காணிக் கச்சேரி என்பார்கள்.

முதல் நாள் பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"மோனை, நாளைக்கு ஆரும் உன்னட்டை ஏதும் கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. பொய் சொல்லாதை. தெரியாது எண்டு மட்டும் சொல்லு."

அம்மா அடுப்படியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காணி அதிகாரி ஜீப்பில் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, தடித்த கண்ணாடி. பாலை மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். குடியேறிய ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். உங்கள் அப்பாமாரும் நின்றார்கள். மாமி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். கையைப் பிடித்தபடி தோழி.

"எத்தனை வருசமாய் இருக்கிறீர்?" என்று அதிகாரி கேட்டார்.

"வருசம் தெரியாதையா. இவளின்ரை பூட்டன் வெட்டின குளம். மூண்டு பேரையும் அங்கைதான் தாட்டிருக்கு."

"கல்லை ஆரும் வைக்கலாம். காகிதம் ஏதும் இருக்கோ?"

"இல்லை ஐயா."

"உங்களிலை ஆரும் வரேக்கை இந்த வீடு இருந்ததைக் கண்டனீங்களோ?" அதிகாரி எங்கள் ஆட்களைப் பார்த்துக் கேட்டார்.

ஒருவர் இருமினார். எங்களுக்கு முன் வந்தவர்கள் இல்லை. முதல் லொறி எங்களுடையது. ஆனால் பின்னால் வந்தவர்களும் அங்கே தண்ணீர் குடித்துத்தான் இருந்தார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் நின்ற என்னைக் கண்டார். நல்ல மனிதர். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. "பெரிய ஆக்கள் வாய் திறக்கமாட்டினம். பிள்ளை பொய் சொல்லாது. நீ சொல்லு பிள்ளை, நீங்கள் வரேக்கை அங்கை வீடு இருந்ததோ?"

எனக்குப் பேச்சு நன்றாக வரும். தீவுப் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்கு மேல் ஏற்றிவிட்டுப் பாட்டுச் சொல்ல வைப்பார்கள். அத்தனை ஆட்களும் என்னையே பார்த்ததும் எனக்குள் அதே குறுகுறுப்பு வந்தது. தெரியாது என்பது ஒரு மறுமொழியாகவே எனக்குப் படவில்லை. தெரியாது என்றால் அதிகாரி அடுத்த ஆளிடம் போய்விடுவார். கல்லுத்தரையும் நினைவில் வந்தது. அப்பா என்னைத் தூக்கி முத்தமிடுவார் என்றும் நினைத்தேன்.

"இல்லை ஐயா. அங்கை பத்தைதான் இருந்தது. நாங்கள் வந்தாப் பிறகுதான் வீடு போட்டவை. ஆவணியிலை இலுக்குப் புல்லுக் கட்டிக் கூரை ஏத்தினதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். நானும் புல்லு எடுத்துக் குடுத்தனான்."

அதில் பாதி உண்மை. மழைக்கு முன் பழைய கூரையைப் பிரித்துவிட்டு மாமி புதுப்புல் வேய்ந்தாள். நானும் தோழியும் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்தோம். அந்த வேலையின் சந்தோசத்தை எடுத்துத்தான் பொய்க்கு மேல் கூரையாக வேய்ந்தேன்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். மாமி என் பக்கம் குனிந்து, இரகசியம் கேட்கிறவள் போல மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை, வந்த அண்டைக்கு நீ என்ரை கையாலைதானே தண்ணி குடிச்சனி?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் அதிகாரியைப் பார்த்துக்கொண்டே, "இல்லை" என்றேன்.

தோழி தாயின் கையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. நான் வேறு எதையோ சொல்லப்போகிறேன், பகிடி விடுகிறேன் என்று காத்திருந்த முகம் அது. அதிகாரி மேசை லாச்சியிலிருந்து ஒரு ரொபி இனிப்பு எடுத்துத் தந்தார். அதை நான் அங்கேயே உரித்துத் தின்றேன்.

அப்பா என்னைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார். ஆனால் திரும்பிப் போய் அதிகாரியிடம் என் பிள்ளை சொன்னது பொய் என்றும் சொல்லவில்லை. அந்தப் பத்தடியை அவர் சாகும்வரை என்னோடு குறைத்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வாரம் தவணை கொடுத்தார்கள். மாமி இரண்டாம் வாரமே எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். தோழியின் தலையில் தயிர்ச்சட்டிகள் அடுக்கிய கடகம். நான் வாய்க்கால் கட்டுக்குப் பின்னால் படுத்துக்கிடந்து பார்த்தேன். தோழி ஒரு தரம் நின்றாள். என்னைக் கண்டுவிட்டாளோ என்று முகத்தை மண்ணில் அழுத்தினேன். நிமிர்ந்தபோது அவர்கள் காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள்.

ஐப்பசியில் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக அது வந்ததும், எல்லோரும் ஓடிப்போய் நெற்றியில் தொட்டு வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வாய்க்கால் இருக்க இந்தச் சின்னக் குளம் எதற்கு என்று சொன்னார்கள். வாய்க்கால் வேலையை மேற்பார்த்த ஓவசியரும் அதையே சொன்னார். அப்பா குளக்கட்டை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, குளத்தையும் வயலாக்கினார். மருத மரங்கள் பலகைக்குப் போயின. மூன்று கற்கள் கோயில் அத்திவாரத்துக்குப் போயின. ஆம், நம் கோயிலுக்குத்தான். குளம் நிறைந்து நின்றதால்தான் அயல் கிணறுகளில் தண்ணீர் நின்றது என்பது, இரண்டு வருடம் கழித்துச் சித்திரையில் கிணறெல்லாம் வற்றி, கல்லும் சேறும் தெரிந்தபோதுதான் பெரியவர்களுக்கு விளங்கியது.

முதல் விளைச்சல் நல்ல விளைச்சல். அப்பா புதுநெல்லில் ஒரு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியப் புறப்பட்டார். எங்கே என்று சொல்லவில்லை. பொழுதுபடத் திரும்பி வந்தார், மூட்டை அப்படியே இருந்தது.

"காணேல்லை" என்றார். பிறகு, "கண்டிருந்தாலும் என்னெண்டு குடுக்கிறது?" என்றார்.

"அதை வீட்டுக்குள்ளை வையாதேங்கோ" என்றாள் அம்மா. மூட்டை தாழ்வாரத்தில் கிடந்தது. கோழிகள் கொத்தித் தின்று தீர்த்தன.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது, சங்கக்கடை வந்தது, பஸ் வந்தது. இருபது குடும்பம் இருநூறானது. அதெல்லாம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சரியாகவும் எழுதியிருக்கிறீர்கள். பின்னர் சண்டை வந்து நாமும் அந்த நிலத்தை விட்டு ஓடினோம். அதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் பலெர்மோவுக்கு வந்த புதிதில், ஒரு குறிப்பிட்ட திகதிக்கு முன் இத்தாலியில் இருந்தவர்களுக்குத்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, கொடுப்பார்கள் என்றார்கள். நான் நாலு மாதம் பிந்தி வந்தவள். லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னைக் கூட்டிக்கொண்டு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனாள். முத்துமாலை போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, போன வருடத்திலிருந்து இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கண்ணிமைக்காமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை நிற்கவில்லை. சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

"சின்னப் பொய்தானே, பிள்ளை. இதனால் யாருடைய வீடும் போய்விடவில்லை" என்று என் கையைத் தட்டினாள்.

அந்தப் பஸ்ஸில்தான் தீர்மானித்தேன், ஒரு நாள் போய்ச் சொல்லிவிடுவது என்று. அந்த ஒரு நாள் வர இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. பயணக்காசு, பிள்ளைகள், சண்டை என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் இல்லாதபோதும் நான் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் கல்லறை கட்டப் போயிருந்தபோது மாமி வீட்டாரை விசாரித்தேன். நம் சந்தியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறார்கள். தகரக்கூரை வீடு, வாசலில் இரண்டு எருமைகள். தலை முழுதும் நரைத்த ஒருத்தி படலையைத் திறந்தாள். என் பெயரைச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். மாமி இறந்து பதினாறு வருடம் என்றாள். இந்த இடத்துக்கும் இன்னும் காகிதம் இல்லை, எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றாள்.

பலெர்மோவில் சமையலறையில் நின்று நான் பாடமாக்கியது நீண்ட வசனம்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னனான்" என்றேன்.

"ஓம். நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

ஒரு எருமை தலையை ஆட்டியது. அவள் எழுந்து போய் அதற்குக் கொஞ்சம் புல்லுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்டு கேக்கட்டே? அம்மா சாகுமட்டும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, தேப்பன்தான் அடிச்சு, வெருட்டிச் சொல்ல வைச்சிருப்பான் எண்டு. அப்பிடித்தானே? கொப்பர்தானே சொல்லச் சொன்னவர்?"

பொய் சொல்லாதே என்று சொன்னவர் அப்பா. அவர் செத்து முப்பது வருடம். நான் அவ்வளவு தூரம் போனது உண்மையைச் சொல்லத்தான். எனக்கு முன்னால் இருந்த முகம் ஒன்பது வயதில் காத்திருந்த அதே மாதிரிக் காத்திருந்தது.

"ஓம்" என்றேன். "அப்பாதான்."

"எனக்குத் தெரியும்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். ஏதோ பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது அவள் முகம். எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "சின்னப் பிள்ளை என்ன செய்யும்? பாவம். அழாதை. அழாதை, பிள்ளை."

நான் விலகவில்லை. அவள் கை எடுக்கும்வரைக்கும் அப்படியே இருந்தேன்.